கில்லேதாரின் தாடி

டிவியின் ப்ளக்கைப் பிடுங்கினால்தான் ஃப்ரீசர் பெட்டிக்கு மின்சாரம் என்று ஆகிவிட்டது. பெங்களூர் மர்பி டவுன் வீட்டு முன்னறையில் பெரிய ப்ளக் பாயிண்ட் ஒன்றுதான். தாரணி மண்டியிட்டு, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டு, ஒட்டடையோடு அதை இழுத்தெடுத்தாள். பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது. உள்ளே அவளுடைய அப்பா உத்தமன். தாடையைத் தலையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். பஸ் டிப்போவில் வேலை பார்த்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, அவர் வாயை மூடவைக்க யாராலும் முடிந்ததில்லை. கடைசியில் ஒரு முழத் துணி அதைச் செய்துவிட்டதே என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அழுகை பொங்கியது.

விடிகாலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போயிருந்தது. மதியத்துக்கு மேல் கல்பள்ளி இடுகாட்டுக்கு எடுப்பதாக ஏற்பாடு.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு டீ எடுத்துப் போனபோது, சாமியானாவின் கீழே அப்பாவின் கூட்டாளிகள் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். லிங்கராஜபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜாய்சன், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பியாட்ரிஸ், ஆரணியிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த வெங்கி. அப்பாவோடு சேர்த்து நால்வர். சரித்திரப் படம் எந்த மொழியில் வந்தாலும் முதல் நாளே பார்த்துவிடுவார்கள். பிறகு ஏதாவது ஒரு தர்சினி ஓட்டலில் நின்றபடியே, காபி ஆறி ஆடை படியும்வரை சண்டை போடுவார்கள். சோழர் காலத்துச் சமையற்கட்டில், அப்போது இந்தியாவுக்கே வராத காய்ந்த மிளகாய் தொங்கியதை மன்னிக்கலாமா கூடாதா என்பதில் அப்பாவும் பியாட்ரிஸும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசிக்கொள்ளாமல் இருந்ததுண்டு. படம் எடுத்தவர்களுக்கு இந்தச் சண்டை தெரிந்திருக்க நியாயமில்லை.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. நால்வரில் ஒருவர் படம் பார்க்காமல் பாக்கி இருந்தாலும் மற்றவர்கள் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. அப்பா அதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்திருந்தார்.

இந்தத் தடவை அந்தப் பூட்டு அப்பாவால்தான் விழுந்தது. பெங்களூர்க் கோட்டையை ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்றில் வெள்ளைக்காரப் படை உடைத்த கதை படமாக வருகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கோட்டைக் காவல் தலைவனான கில்லேதார்தான் அவருடைய ஆள். போரில் இருந்த வெள்ளைக்காரர்களே அவரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். எழுபது வயது, வயிறுவரை தொங்கும் வெண்தாடி, உடைந்த சுவரில் நின்று செத்த கிழவர். "அவரை மட்டும் சின்னப் பையனா காட்டினானுங்கன்னா, பாதியில எந்திரிச்சி வந்துருவேன்" என்று அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சபதம் போட்டார். படம் வெளியாவதற்கு முந்தின நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். மற்ற மூவரும் படம் பார்த்துவிட்டு, தினமும் மாலையில் அவர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, பெங்களூர் டிராஃபிக்கைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

நேற்று மாலை அப்பா தாரணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டிஸ்சார்ஜ் ஆனவுடனே நேரா தியேட்டருதான். நீயும் வா. கடைசியில அந்தக் கெழவனை எப்படி அனுப்பி வெக்கிறானுங்கன்னு பாக்கணும்." அவள் வாழ்க்கையில் அவர்களோடு ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. "வரேம்ப்பா" என்றாள்.

இப்போது டீயை நீட்டியபோது மூவரும் குசுகுசுவென்று தீவிரமாக எதையோ வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் பாக்கலையே. ரூல்னா ரூல்தான்" என்றார் ஜாய்சன்.

"இனிமே எங்க பாக்கப் போறாரு? அப்ப சாகுற வரைக்கும் நாம வாயத் தொறக்கக்கூடாதா?" என்றார் பியாட்ரிஸ். அவர் கண்கள் வீங்கியிருந்தன. அதற்காக வாதம் தளரவில்லை.

"டெக்னிக்கலா பாத்தா ஆமாங்க ஆன்ட்டி" என்றான் வெங்கி. "அவர் பாக்குற வரைக்கும்னுதான் ரூல்ல இருக்கு. செத்துட்டா என்னான்னு இல்ல."

தாரணி தட்டோடு அப்படியே நின்றாள். இந்த மூன்று பேரும் சேர்ந்து அந்தப் படத்தை அப்பாவோடு புதைக்கப் போகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் அவர் போவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"உள்ள வாங்க அங்கிள்" என்றாள். "படத்தப் பத்தி அப்பாகிட்ட சொல்லுங்க."

ஜாய்சன் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

உள்ளே பெட்டியின் தலைமாட்டில் அம்மா வேதநாயகி. சந்தாபுராவிலிருந்து வந்ததும் வராததுமாக எல்லாப் பொறுப்பையும் தலையில் போட்டுக்கொண்ட சித்தப்பா அப்பாதுரை, சுவரோரம் கை கட்டி நின்றார். விஷயம் காதில் விழுந்ததும் அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"சாவு வூட்ல சினிமாக் கதையா? இன்னாம்மா இது, நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?"

அதற்குள் அம்மா நிமிர்ந்தாள். இந்தக் கூட்டத்தை ஆரம்பத்திலிருந்தே வேலையற்ற கூட்டம் என்று திட்டியவள் அவள்.

"ஜாய்சன், தாடி வெள்ளையா, கறுப்பா? அத மொதல்ல சொல்லுங்க. என்னைத் தூங்கவுடாம அதையே பேசினாரு மனுஷன்."

ஜாய்சன் கண்ணாடி மூடியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி வெடித்தார்.

"வெள்ளைடா உத்தமா! வெள்ளைத் தாடி! தொப்புள் வரைக்கும்டா! கெழவனைக் கெழவனாவே காட்டியிருக்கான்டா!"

அவ்வளவுதான், பூட்டு தெறித்துவிட்டது. பியாட்ரிஸ் பெட்டியின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். "தாடி சரி. டூயட்டு? அத சொல்லுங்க. லால்பாக்ல கண்ணாடி மாளிகைக்குள்ள டூயட்டு வெச்சிருக்கான் உத்தமன்! தோட்டம் அப்ப இருந்துச்சு, ஒத்துக்கறேன். கண்ணாடி மாளிகை நூறு வருஷம் கழிச்சுல்ல வந்துது!"

"அது கனவு சீன் ஆன்ட்டி" என்றான் வெங்கி.

"கனவுல மட்டும் இன்னும் கட்டாத கட்டடம் வருமா?"

"எனக்கு ஆபீஸ்ல வருது."

யாரோ சிரித்தார்கள். வாசலில் நின்ற அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக உள்ளே தலையை நீட்டினார்கள். திப்புவின் படை ராக்கெட் விட்ட காட்சியை ஜாய்சன் உடம்பாலேயே நடித்துக் காட்டினார். மூங்கில் கழியோடு அது சீறிப் போகும் விதத்தைக் காட்டக் கையை வீசியதில் மாலை ஒன்று சரிந்தது. தாரணி அதை எடுத்துச் சரியாக வைத்தாள்.

"உத்தமண்ணா, ஒண்ணு யாருமே கவனிக்கல" என்று வெங்கி பெட்டியிடம் சொன்னான். "கோட்டைக்குப் பின்னாடி நீலகிரித் தைல மரம் வரிசையா நிக்குது."

"ஏன் நிக்கக்கூடாது?" பியாட்ரிஸ் விடவில்லை. "திப்பு வெளிநாட்லேர்ந்து வெதை வரவழைச்சு நந்தி மலைல நட்டாருன்னு சொல்றாங்க இல்ல?"

"எப்போ நட்டாராம்?"

"தொண்ணூறுல."

"சண்டை தொண்ணூத்தி ஒண்ணு. ஒரே வருஷத்துல அறுபது அடியா? மரமா அது, அபார்ட்மெண்டா?"

இந்த முறை அம்மாவே சிரித்துவிட்டாள். சிரித்த வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் பொத்திய வாயோடே, "அவரு இருந்தா இப்ப மேசையத் தட்டியிருப்பாரு" என்றாள். உண்மைதான். ஒவ்வொரு வாதமும் ஓரிடத்தில் வந்து நிற்கும்போது மூவரும் தங்களை அறியாமல் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உள்ளே புகுந்து இரண்டு பேரும் தப்பு என்று சொல்லும் இடம் அது. ஒரு கணம் காத்திருந்துவிட்டு, அவர் சொல்லாததால் முன்னைவிடச் சத்தமாக அடுத்ததற்குப் போனார்கள். அந்த அறையில் அப்பா இவ்வளவு நிறைவாக இருந்து தாரணி பார்த்து நாளாகியிருந்தது.

சித்தப்பா கைக்கட்டை அவிழ்த்திருந்தார். இரண்டடி முன்னால் வந்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, அந்தக் கெழவன் கையில கத்தியா, துப்பாக்கியா?"

"நல்ல கேள்வி!" என்று மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

வண்டி வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது. டிரைவர் மஞ்சுநாத் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தவர், பேச்சு என்ன என்று பிடிபட்டதும் வந்த வேலையை மறந்தார். "சக்கத் படம் சார் அது! நானு எரடு தடவ பாத்தேன்" என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

"கடைசி சீன் எப்படி?" என்றார் சித்தப்பா ஆவலாக.

"கடைசியில கில்லேதாரு..." என்று மஞ்சுநாத் ஆரம்பித்ததும் ஜாய்சன் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"நில்லு குரு, நில்லு. தாரணி, நீ படம் பாத்துட்டியாம்மா?"

"இல்ல அங்கிள். அப்பாகூடப் போலாம்னு இருந்தேன்."

"உத்தமன் உன்னையும் கூப்ட்டானா?"

"நேத்து கூப்ட்டாரு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா வேறு யாரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்ததில்லை.

"அப்ப நீயும் ஆளு" என்றார் பியாட்ரிஸ். "க்ளைமாக்ஸ் கெடையாது."

"எனக்காக நிறுத்தாதீங்க ஆன்ட்டி. அப்பாவுக்கு வேண்டியதே அதுதான்."

"தாடி, ராக்கெட்டு சொன்னதே கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் ஜாய்சன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாலும் பிடி தளரவில்லை. "முடிவை மட்டும் சொல்லமாட்டோம். உங்கப்பன் போட்ட ரூலும்மா."

நேரமாகிவிட்டது என்று சித்தப்பா அவசரப்படுத்தினார். புத்த விகாரையிலிருந்து வந்திருந்த பெரியவர் பஞ்சசீலம் சொன்னார். பெட்டியிலிருந்து எடுத்ததும் அம்மா அவர் கன்னத்தைத் தொட்டாள். அது ஜில்லென்று இருப்பதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதாள். வண்டிக்குள் அப்பாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து மூவரும் மறுபடி நீலகிரி மரத்துக்கே போய்விட்டார்கள். சிக்னலில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, இவர்களுக்குள் சொத்துத் தகராறு போல என்று நினைத்திருக்கலாம். தாரணி அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. முடிவு தெரியாமல் போகிறார், முடிவு தெரியாமல் போகிறார் என்றே மனசு அடித்துக்கொண்டது.

கல்பள்ளியில் குழி தயாராக இருந்தது. பக்கத்தில் குவித்த செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பூப் போட்டார்கள். ஸ்ட்ரெச்சரின் வார்களை அவிழ்த்தார்கள். தாடைக்கட்டையும் அவிழ்த்தார்கள். இறக்குவதற்கு நான்கு பேர் குனிந்தபோது தாரணி, "ஒரு நிமிஷம் சித்தப்பா" என்றாள்.

சித்தப்பா கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். இந்த முறை அவர் ஏன் என்று கேட்கவில்லை.

"அங்கிள், இப்ப சொல்லிடுங்க" என்றாள் தாரணி ஜாய்சனிடம். "கெழவனை எப்படி அனுப்பினாங்கன்னு சொல்லுங்க. நான் கேக்கமாட்டேன்."

ஜாய்சன் அவளைப் பார்த்தார். வேட்டியை மடித்துக்கொண்டு மண்ணில் மண்டியிட்டு, அப்பாவின் காதருகே குனிந்தார். பியாட்ரிஸும் வெங்கியும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தாரணி நாலடி பின்னால் போய், இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டாள்.

ஜாய்சனின் உதடுகள் அசைந்தன. ஒரு கையை மெதுவாக உயர்த்தி, எதையோ போர்த்துவதுபோல விரித்து இறக்கினார். பியாட்ரிஸ் தலையாட்டிக்கொண்டே அழுதார். நடுவில் வெங்கி குறுக்கிட்டு எதையோ திருத்தினான். ஜாய்சன் யோசித்தார், ஒப்புக்கொண்டார், அந்த இடத்தை மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.