இருபது நிமிடம் முந்திய பட்டறை

பிளாப்பி டிஸ்கில் இடம் போதவில்லை என்றது கணினி. சரி, சொல்லட்டும் என்று ஒரு பெரிய நிரலை எடுத்து வெளியே போட்டுவிட்டு, மிச்ச நிரல்களை மறுபடி ஒரே மூட்டையாகக் கட்டினேன். அதே வரி வந்தது, எவ்வளவு இடம் பற்றவில்லை என்ற கணக்கோடு. அதே எண். ஒரு பைட்கூடக் குறையவில்லை. வீட்டிலிருந்து பீரோவை வெளியே தூக்கிப் போட்ட பிறகும் அறையில் பீரோ இருந்த இடம் காலியாகவில்லை என்றால் ஒருவருக்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது.

எங்களுடையது மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறை. ஊரில் உள்ள கடைகள் ஆர்டர் அனுப்பும், நாங்கள் தேய்த்துக் கொடுப்போம். முதலாளி என் அண்ணன். கவுண்டரில் அண்ணி. கம்பியும் கணினியும் நான். ஆர்டர்கள் டெலிபோன் லைன் வழியாக ஒரு பழைய பெட்டிக்கு வந்து சேரும். அது அவற்றைக் கவுண்டருக்கும் லென்ஸ் தேய்க்கும் ஹாலில் இருக்கும் பிரிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும். அந்தப் பெட்டியில் ஹார்டு டிஸ்க் கிடையாது. வைத்துப் பார்த்தோம், லென்ஸ் தூசி மூன்று டிஸ்கைத் தின்றது. அதற்குப் பிறகுதான் நான் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைச் சின்னதாக்கி ஒரே ஒரு பிளாப்பிக்குள் அடக்கினேன். பெட்டி எழும்போது பிளாப்பியைப் படித்து எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும், பிறகு தூசியாவது மண்ணாவது. நான் செய்ததிலேயே எனக்குப் பெருமையான காரியம் அதுதான். வீட்டில் யாருக்கும் அது புரியாது என்பது வேறு விஷயம்.

போன வாரம் பெட்டியின் நெட்வொர்க் கார்டு செத்துப்போனது. பழைய மாதிரி கிடைக்கவில்லை, புதிது வாங்கினேன். புதிய கார்டை ஓட்ட வேண்டிய நிரலைச் சேர்த்ததும் எல்லாம் சேர்ந்து பிளாப்பியைவிடப் பெரிதாகிவிட்டது. ஆகவே எதையாவது எடுக்க வேண்டும். இவ்வளவுதான் பிரச்சினை. ஒரு காலை வேலை.

ஆனால் அது என் உயிரை வாங்கியது. பட்டறையும் சந்தைக்கடை ஆகிவிட்டது. கடைக்காரர்கள் டெலிபோனில் சொல்லச் சொல்ல அண்ணி துண்டுச் சீட்டில் எழுதி, கதவைத் திறந்து ஹாலுக்குள் கத்துவாள். உள்ளே இயந்திரம் போடும் சத்தத்தில் யாருக்கு என்ன கேட்கும்? முந்தின நாள் ஒரு டீச்சருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கமும் இடதை வலது பக்கமும் தேய்த்து அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியில் தடுக்கி விழாத குறை.

அன்று காலை அண்ணன் மாடிக்கு என் அறைக்கு வந்தான். கையில் அளவு நாடா. நான் மேசைக்கடியில் ஒரு வயரைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் சுவரை அளந்து, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான்.

"என்ன பண்றே?" என்றேன், மேசைக்கடியில் இருந்தபடியே.

"டீலர் இன்னிக்கு வர்றார். ரெடிமேட் பெட்டி, வச்சதும் ஓடும். வருஷம் பூரா அவரோட ஆளே பார்த்துக்குவான். அதை வைக்கத் தூசி இல்லாத இடம் வேணும்ல."

"இங்கேயா? அப்ப நான் எங்கே உக்கார்றது?"

"கவுண்டர்ல அண்ணிக்கு ஒத்தாசையா இரு பாப்பா. அவளும் ஒண்டியா கஷ்டப்படறா."

எனக்கு நாற்பது வயது. நான் இன்னும் பாப்பா. "நான் சரி பண்ணிடுவேன்" என்றேன்.

"பன்னண்டு மணி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள லைன் வரலைன்னா அவர்கிட்ட சரின்னு சொல்லிடுவேன். கோச்சுக்காதே. எனக்கு வேலை நடக்கணும்."

கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்வது? அந்த அறைதான் என் உலகம் என்று சொன்னால் மிகையாகத் தெரியும், சொல்கிறேன். கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க "ஹலோ, மைனஸ் எவ்வளவு சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஆறு மாதத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். அண்ணிக்கும் பிடிக்கும், என்னோடு உட்கார்ந்து.

வேலை நடக்கும் விதம் இப்படி. மாடியில் என் கணினியில், பிளாப்பிக்குள் என்னென்ன போக வேண்டும் என்ற பட்டியலைத் திருத்துவேன். ஆனால் கட்டுவதற்கான கருவிகள் எல்லாம் கீழே அண்ணியின் கணினியில்தான் உண்டு. அதில் அவள் ஆர்டர் தட்டிக்கொண்டே இருப்பதால் அங்கே உட்கார்ந்து நிதானமாகத் திருத்த முடியாது. எனவே திருத்தியதை ஒரு பிளாப்பியில் எடுத்துக்கொண்டு கீழே ஓடி, "அண்ணி, ரெண்டு நிமிஷம்" என்று கெஞ்சி, உள்ளே ஏற்றி, கட்டச் சொல்வேன். கட்டும் கருவி கெட்டிக்காரக் கருவி. மாறியதை மட்டும் மறுபடி செய்யும், மாறாததைத் தொடாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டலாம்தான், அந்தக் கிழட்டுக் கணினிக்கு அரை நாள் பிடிக்கும். அரை நாள் எனக்கு யார் கொடுத்தார்கள்?

எடிட்டர் என்கிற எழுதும் நிரலை எடுத்தேன், எண் அசையவில்லை. அப்படியென்றால் எடிட்டரால் பாரமில்லை போல என்று திரும்பச் சேர்த்தேன். சோதனை நிரல்கள் இரண்டை எடுத்தேன். அசையவில்லை. திரும்பச் சேர்த்தேன். படியில் ஏறி இறங்கி முட்டி கழன்றது. அண்ணி பார்த்துப் பாவப்பட்டு ஒரு டீ கொடுத்தாள். உட்கார்ந்து ஆற அமரக் குடித்தேன். பிறகு மாடிக்குப் போய், வெறுப்பில், பெட்டி எழும்போது வரும் வரவேற்பு வரியை மட்டும் எடுத்துவிட்டு வந்து கட்டினேன்.

எண் குறைந்தது.

பீரோவைத் தூக்கிப் போட்டபோது நகராத சுவர், ஊசியை எடுத்ததும் நகர்கிறது! எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவசரப்பட்டால் அடம் பிடிக்கிறது, டீ குடித்துவிட்டு வந்தால் இறங்கி வருகிறது. இந்தக் கணினிக்கும் எங்கள் அண்ணனுக்கும் ஒரே ஜாதகமோ என்று தோன்றியது.

அவன் வேறு நடுநடுவே கண்ணாடிக் கதவைத் தள்ளித் தலையை நீட்டினான். "ஆச்சா?"

"ஆகலை."

"என்ன பிரச்சினை?"

"இடம் பத்தலை."

"பெரிய பிளாப்பியா வாங்கறதுதானே?"

நான் பிளாப்பியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். பிளாப்பியில் பெரிய அளவு கிடையாது என்று விளக்க நின்றிருந்தால் குடும்பம் இரண்டாகியிருக்கும்.

அதன் பிறகு எனக்கு வெறி பிடித்தது. ஒன்றொன்றாகப் பார்ப்பதெல்லாம் போதும் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டினேன். எதையும் திரும்பச் சேர்க்கவில்லை. மாடி, கீழே, மாடி, கீழே. மூன்று முறை வெட்டியாயிற்று, பாதி யூனிக்ஸ் குப்பையில், எண் அதே எண். மூன்றாவது முறை அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுத் திட்டினேன். டெலிபோனில் இருந்த அண்ணி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"என்ன வார்த்தை இது? கடைக்காரர் லைன்ல இருக்கார்."

"நான் எழுதினது உள்ள போகுதான்னே சந்தேகமா இருக்கு அண்ணி."

இப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. உள்ளே போகிறதா? கோப்புகளை வரிசையாகக் காட்டச் சொன்னேன். பட்டியல் வந்திருந்தது. நான் கடைசியாகத் திருத்திய பட்டியலேதான், மாடியில் என் கணினி போட்ட நேரத்தோடு: பதினொன்று பதினைந்து. அதற்குக் கீழே, கடைசியாகக் கட்டிய கோப்பு. அதன் நேரம் பதினொன்று இருபத்திரண்டு.

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பதினெட்டு.

இன்னும் வராத நேரத்தில் பிறந்த கோப்பு ஒன்று திரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டும் கருவி பாவம், அது நேரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். பட்டியல் பழையது, கட்டியது புதியது, ஆகவே செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் டீ குடித்து முடிப்பதற்குள் உண்மையான நேரம் கோப்பின் நேரத்தைத் தாண்டிவிட்டது, பிறகு திருத்திய பட்டியல் புதியதாகத் தெரிந்தது, அதனால் வேலை செய்தது. அவ்வளவுதான். ஊசியும் இல்லை பீரோவும் இல்லை.

திரையின் மூலையில் மணி பார்த்தேன். இருபது நிமிடம் அதிகம்.

"அண்ணி, இந்தக் கம்ப்யூட்டர் டைமை யார் மாத்தினது?"

அண்ணி டெலிபோனை மெதுவாக வைத்தாள். "உங்க அண்ணன்தான் மாத்தச் சொன்னாரு. போன வாரம் பாலிஷ்காரர் லேட்டா வந்தாரில்ல? அப்ப இந்தத் திரையைக் காட்டி, 'பாருங்க, இன்னும் ஒம்பது ஆகலையே'ன்னுட்டாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. உங்க அண்ணனுக்கு மானம் போச்சு. சுவர்ல என்ன இருக்கோ அதையே வைன்னாரு."

எங்கள் பட்டறைக் கடிகாரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாலிலும் கவுண்டரிலும் சுவர்க் கடிகாரங்கள் இருபது நிமிடம் வேகமாகவே ஓடும். ஆட்கள் நேரத்துக்கு வர வேண்டும் என்று அண்ணன் பட்டறை தொடங்கிய அன்றே செய்த ஏற்பாடு. காலையில் வரும் நேரத்துக்குச் சுவர்க் கடிகாரம், மாலையில் போகும் நேரத்துக்கு அவன் கைக்கடிகாரம். இது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. நானும் இத்தனை வருடம் சுவரைப் பார்த்ததும் மனதுக்குள் இருபதைக் கழித்துப் பழகியவள். அந்தப் பழக்கத்தில்தான் காலையிலிருந்து இந்தத் திரையின் மூலையையும் பார்த்துப் பார்த்துக் கழித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

நேரத்தைச் சரி செய்தேன். எதிர்காலத்தில் பிறந்த கோப்பை அழித்தேன். கட்டச் சொன்னேன். இந்த முறை கணினி முனகிக்கொண்டே உண்மையாக வேலை செய்தது. இடம் போதும் என்றது. போதுமாவது, ஏராளமாக மிச்சம் இருந்தது! பிளாப்பியில் எழுதி ஹாலுக்கு ஓடினேன். பெட்டி எழுந்தது. புதிய கார்டைக் கண்டுகொண்டது. நான் குதிக்கப் போனேன். அடுத்த வரியில், டெலிபோன் லைனைக் கூப்பிடும் நிரல் இல்லை என்றது.

ஏன் இருக்கும்? வெறியில் வெட்டியவற்றில் அதுவும் ஒன்று. மூன்று முறையும் வெட்டியது மொத்தமாக இப்போது உள்ளே போயிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து டீலர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார், சிரித்த முகமாக, தோளில் பை, கையில் அட்டைப்பெட்டி. பின்னாலேயே அண்ணன். இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். சுவரில் பன்னிரண்டு.

"கரெக்டா வந்துட்டேன் போல சார்" என்றார் டீலர்.

அண்ணன் என்னைப் பார்த்தான். பெட்டியின் திரையில் நின்ற பிழை வரியையும் பார்த்தான். "முடியலையா பாப்பா?"

"ஒரு நிரலைத் திரும்பச் சேக்கணும். பத்து நிமிஷம். எனக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"மணி பன்னண்டு ஆச்சே."

"எந்த மணி?"

நான் இதைச் சத்தமாகத்தான் கேட்டேன். மனதில் அவ்வளவு எரிச்சல். ஹாலில் தேய்க்கும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் எங்களைப் பார்க்கவில்லை, ஒவ்வொருவரும் கையிலிருந்த லென்ஸை அப்படி உற்றுப் பார்த்தார்கள். பாலிஷ்காரர் துணியை மடித்து மறுபடி பிரித்தார். டீலர் அட்டைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார், பிறகு மரியாதைக்காகத் தரையைப் பார்த்தார்.

அண்ணனின் காது சிவந்தது. அவன் 'ஆமாம், பன்னிரண்டு' என்று சொன்னால் போதும். ஒருவரும் மறுக்க மாட்டார்கள், இத்தனை வருடம் மறுத்ததில்லை. என் அறை போய்விடும். அவனிடம் கெஞ்சக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் தொண்டையைச் செருமினான்.

"நீங்க கொஞ்சம் உக்காருங்க சார்" என்றான் டீலரிடம். "இன்னும் பன்னண்டு ஆகலை. நம்ம கடிகாரம் கொஞ்சம்... இருபது நிமிஷம் வேகம்."

பாலிஷ்காரர் நிமிர்ந்தார். "அப்போ அன்னிக்கு நான் லேட் இல்லையா மொதலாளி?"

"வாயை மூடிட்டு வேலையப் பாரு."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை, மாடிக்கு ஓடினேன். சேர்த்தேன், இறங்கினேன், கட்டினேன். அண்ணி தானாகவே எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். ஹாலுக்கு ஓடி பிளாப்பியைப் பெட்டியில் போட்டேன். பெட்டி படித்தது, கரகரத்தது, நின்றது, மறுபடி படித்தது. கார்டு. லைன். டெலிபோன் இரைந்து, கூவி, அடங்கியது. பிறகு ஹால் பிரிண்டர் திடுக்கிட்டு எழுந்து, ஒரு வாரமாகக் கடைகளில் தேங்கிக் கிடந்ததையெல்லாம் கக்கத் தொடங்கியது. வலது கண், இடது கண், பெயர். வலது கண், இடது கண், பெயர். தாள் தரையைத் தொட்டு மடிந்தது.

டீலர் தன் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அண்ணன் வாசல் வரை போய் வழியனுப்பினான். திரும்பி ஹாலுக்கு வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, துடைத்தான். முள்ளைத் திருப்பாமலேயே மறுபடி மாட்டினான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"அதை ஏன் திருப்பலை?"

"நாளைக்கும் ஆளுங்க வரணும்ல?" என்றான். "கம்ப்யூட்டரை நீ பாத்துக்கோ. சுவத்தை நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் மாடிக்குப் போனேன். என் அறைக்கதவு திறந்திருந்தது. அண்ணன் உள்ளே மண்டியிட்டு, ஈரத் துணியால் தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டை அழித்துக்கொண்டிருந்தான். நன்றாக அழுத்திப் போட்டிருக்கிறான், லேசில் போகவில்லை. நான் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

"துணியைக் குடு, நான் பண்றேன்" என்றேன்.

"வேணாம் பாப்பா. போட்டது நான்தானே" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து தேய்த்தான்.