வால் நுனி

முதலில் சத்தம்தான் கேட்டது. வள்ளம் மீன் கூட்டை அடைய இன்னும் பத்துப் பாக தூரம் இருந்தது. மக்டலீன் மரக்கோலைத் தண்ணீரில் ஊன்றி நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். கஞ்சி கொதிக்கையில் பானை மூடி தட்டுவதுபோல ஒரு சத்தம், விடாமல். விடிந்து கொஞ்ச நேரம்தான். சோழகக் காற்று ஓய்ந்துவிட்டது, வாடை இன்னும் எழும்பவில்லை. ஆறு நாளாக அரியாலைக் களப்புத் தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அருகே போனதும் தெரிந்தது. மிதவைப் பீப்பாய்களுக்கு நடுவே, வலைக்குள் எங்கும் வாய்கள். கொடுவா மீன்கள் தண்ணீருக்கு வெளியே வாயை நீட்டித் திறந்து மூடிக்கொண்டிருந்தன. உடம்பு கறுத்திருந்தது. மூலையில் மூன்று வெள்ளை வயிறுகள் மிதந்தன.

வெட்டிக் கொண்டுவந்த சூடை மீன் துண்டுகளில் ஒரு பிடி அள்ளி எறிந்தாள். துண்டுகள் மீன்களின் தலையில் விழுந்து, வழுக்கி, கீழே போயின. ஒன்றும் திரும்பவில்லை. கொடுவா கையைக் கண்டாலே பாயும் மீன். வாய்களைக் கண்டபோது வராத பயம் அப்போது வந்தது.

ஆனியில், அந்தோனியார் திருநாள் முடிந்த கையோடு, நானூறு குஞ்சு விட்டிருந்தாள். அந்தக் கூட்டை விட்டால் அவளுக்கு வேறு தொழில் இல்லை. மீன் இன்னும் ஒரு சாண்தான். விற்க ஐந்தாறு மாதம் வேண்டும். பக்கத்துக் கூடு அண்ணன் கனிசியசுடையது. பத்து நாளைக்கு முன் பேத்தை மீன் கடித்து அவனுடைய வலை கிழிந்தது. வெளியே போகாமல் மிஞ்சிய ஐந்நூறு மீனையும் அவன் தொட்டிகளில் அள்ளிக்கொண்டு வந்தான். "ரெண்டு நாள், தங்கச்சி" என்றான். அவளுடைய கூட்டுக்குப் பீப்பாய் கட்டித் தந்தவனே அவன்தான். எப்படி மாட்டேன் என்பது? அவளுடைய கூட்டில் கொட்டுமுன் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றின் வால் நுனியையும் நறுக்கினான். பின்னேரம் முழுக்க அதே வேலை. "நாளைக்கு உனக்கும் எனக்கும் சண்டை வரப்படாது." அவள் சிரித்தாள்.

அவள் கரைக்குப் போய்ப் போன் எடுத்துவிட்டுத் திரும்பினாள். அரை மணித்தியாலத்தில் கனிசியஸ் தன் வள்ளத்தில் வந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். வாயில் இருந்த பீடியைப் பற்ற வைக்கவில்லை.

"காத்து இல்லை. அதுதான். வெயில் ஏற அடங்கிப் போகும்."

"இண்டைக்கு அடங்கும். நாளை விடிய?"

"புது வலை நாளைக்கு வந்திடும் எண்டவன் வலைக்காரன்."

"பத்து நாளாய் உந்தக் கதையைத்தான் சொல்லுறியள், அண்ணை."

"நீ விட்டா மீனுக்கும் அறை அறையாய் வீடு கட்டிக் குடுப்பாய்." அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு கிழக்கே நாவற்குழிப் பக்கம் கையைக் காட்டினான். "அந்தப் பாலத்தில நாங்கள் நிக்கேல்லையே? முழு யாழ்ப்பாணமும் நிண்டது. நெருக்கத்தில ஆர் செத்தது?"

சண்டைக்குப் பயந்து ஊர் முழுக்க இடம்பெயர்ந்த அன்று அவளுக்கு ஆறு வயது. மழை. முகத்துக்கு நேரே எல்லாம் இடுப்புகளும் முழங்கைகளும். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. மூச்சு முட்டியபோது, முகத்தை அழுத்திய ஒரு கையை அவள் கடித்தாள். யாருடைய கை என்று தெரியாது. அந்தக் கை விலகவில்லை. விலக இடமிருக்கவில்லை. இதை அவள் இன்றுவரை அண்ணனிடம் சொன்னதில்லை.

"செத்ததை எடு பாப்பம்" என்றான் கனிசியஸ். "என்ரையோ உன்ரையோ?"

மூன்றையும் எடுத்துக் கொடுத்தாள். அவன் வாலைப் பார்த்தான். மூன்றுக்கும் நுனி இல்லை. "என்ரைதான்" என்று பெருமூச்சு விட்டான். பிறகு அத்தாங்கு வலையை உள்ளே விட்டு உயிருள்ளவற்றில் ஏழெட்டைக் கோலித் தூக்கினான். ஒவ்வொன்றாய் வாலை விரித்தான். அவனுடைய கை மெதுவானது. மறுபடி கோலினான். எல்லா வாலும் கந்தலாகியிருந்தது. சிலவற்றில் வால் செட்டையே இல்லை, வெறும் கட்டை, அதன் ஓரத்தில் இரத்தம். கத்தரிக்கோல் வெட்டியது எது, பல் கடித்தது எது என்று சொல்ல வழியில்லை.

"ஒண்டையொண்டு திண்டிருக்குதுகள்" என்றான் தாழ்ந்த குரலில்.

"திங்கேல்லை, அண்ணை. போட்ட சூடையே கீழ கிடக்குது. கடிக்குதுகள். சும்மா கடிக்குதுகள்."

அவன் அத்தாங்கைக் கவிழ்த்தான். மீன்கள் விழ இடமில்லாமல் மற்ற மீன்களின் மேல் விழுந்தன.

"பாதியைத் திறந்து விடுவம்" என்றாள். "இல்லாட்டி நாளைக்கு ஒண்டும் மிஞ்சாது."

"எந்தப் பாதி?"

அவள் தெற்குப் பக்கத்துக் கயிற்றில் கை வைத்தாள்.

"எந்தப் பாதி, மக்டலீன்? சொல்லு. உன்ரையோ?"

இத்தனை வயதில் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. அவளுக்கு இப்போது அவனையும் பார்க்கப் பயமாக இருந்தது.

"வலைக்காரனோட கதைச்சிட்டு வாறன். இஞ்ச சிக்னல் இல்லை. நான் வருமட்டும் கை வைக்காத."

அவனுடைய வள்ளம் கரைக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. சத்தம் அடங்கவில்லை. நான்காவது வெள்ளை வயிறு மேலே வந்தது. பிறகு ஐந்தாவது.

தெற்குப் பக்கத்துக் கயிறுகளை அவிழ்த்தாள். நான்கு முடிச்சு. பாசி பிடித்து இறுகியிருந்தன, பல்லால் கடித்து இழுத்தாள். வாயில் உப்பு. பாதி மட்டும் போகட்டும், பிறகு தூக்கிக் கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். அவிழ்ந்த விளிம்பை மரக்கோலால் அமத்தினாள். வலை முழ ஆழத்துக்குத் தாழ்ந்தது. அந்தப் பக்கம் களப்பு முழுவதும் வெறுமையாய்க் கிடந்தது.

மீன்கள் போகவில்லை.

விளிம்பு இருந்த இடத்தில் வாய்கள் நேர்கோடாய் நின்றன, வலை இன்னும் அங்கேயே இருப்பதுபோல. "போங்கோ" என்றாள். வள்ளத்தின் பக்கத்தைத் தட்டினாள். கூட்டம் ஒருமுறை நெளிந்து இன்னும் நெருங்கியது.

கரையில் கனிசியஸ் போனைக் கீழே இறக்கிவிட்டு இந்தப் பக்கம் பார்த்தான். பிறகு எதையோ கத்திக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி ஓடிவரத் தொடங்கினான்.

மரக்கோலை அவள் எடுக்கவில்லை. ஒரு மீன் மட்டும் கோட்டைத் தாண்டி வெளியே வந்தது. வாலில்லாத மீன். ஒரு பாக தூரம் தனியே போய் நின்றது. பிறகு திரும்பி, வாய்களுக்கு நடுவே இடம் தேடி, முட்டி முட்டி உள்ளே நுழைந்தது.