உருண்டைக் கள்ளி பூத்த மத்தியானம்

மனைவி பூங்கொடி பேக்கரி வேலைக்குக் கிளம்பியதும் தம்பிதுரைக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். டிவியைப் போட்டார், அணைத்தார். கணபதி பகுதியில் அவர்கள் குடியிருந்த சந்து முழுக்கப் பட்டறைகள். பக்கத்தில் லேத் ஓடத் தொடங்கினால் அவருடைய வலது கை தானாக மடங்கிக்கொள்ளும். வேலை பார்த்த இடத்தில் தகடு வெட்டும் பவர்பிரஸ் மெஷின் அந்தக் கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. ஜெர்மனியில் படிக்கும் மகள் ரித்திகாவுக்கு விரல்கள் போனது இன்னும் தெரியாது. "பரீட்ச முடியட்டுங்க, அப்பறஞ் சொல்லிக்கலாம்" என்றுவிட்டாள் பூங்கொடி. அதனால் வீடியோ காலில் தம்பிதுரையின் முகம் மட்டுமே தெரியும்.

உட்கார முடியாமல் மொட்டைமாடிக்கு ஏறினார். ரித்திகா விட்டுப்போன தொட்டிகள் அங்கேதான். அவற்றில் ஒன்றில், எலுமிச்சம்பழ அளவில், வெள்ளை முள் மூடிய உருண்டைக் கள்ளி. மெக்சிகோ பாலைவனத்துச் செடி என்பாள். அவள் வாங்கியதிலிருந்து அது பூத்ததேயில்லை. "தண்ணி ஊத்திப்போடாதீங்கப்பா" என்று ஒவ்வொரு முறை போன் பேசும்போதும் சொல்வாள். இன்று அதன் தலையைச் சுற்றி ரோஸ் நிறப் பூக்கள், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. வெயில் இறங்கினால் மூடிக்கொள்ளும் என்று அவள் சொன்னது நினைவு வந்தது. அவசரமாக இடது கையால் போன் போட்டார்.

"கண்ணு, உன்ற செடி பூத்துருச்சு!"

கேமராவைத் திருப்பினார். ரித்திகா கத்தியே விட்டாள். "கிட்டக் காட்டுங்கப்பா! அந்தப் பக்கமும் இருக்குதுங்களா?"

"சுத்தியும் இருக்குது அம்மணி, இரு" என்று தொட்டியைத் திருப்பினார்.

அவள் குரல் நின்றது. எந்தக் கையால் திருப்பினோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இழுத்துக்கொள்ளத்தான் நினைத்தார். பார்த்துவிட்டாளே, இனி எங்கே ஒளிப்பது?

"எப்பங்கப்பா?"

"பொங்க நோம்பி முடிஞ்ச வாரம்."

"அம்மா சின்னக் காயம்னாங்க." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "வலிக்குதுங்களா?"

பூங்கொடியிடம்கூட அவர் சொல்லாத ஒன்று வாயில் வந்துவிட்டது. "இருக்கற வெரலு வலிக்கல கண்ணு. போன வெரலுதான் வலிக்குது."

இருவரும் போனை வைக்கவில்லை. எங்கிருந்தோ கொட்டத் தெரியாத சின்னக் கொசுத்தேனீ ஒன்று வந்து பூவுக்குள் இறங்கியது. மகரந்தம் ஒட்டிய காலோடு வெளியே வந்து, மழுங்கிய விரல்மொட்டின் மேல் உட்கார்ந்தது. தம்பிதுரை கையை அசைக்காமல் நின்றார்.