வாப்பாவின் கசட்

றக்கீப் சைக்கிளை நிறுத்தவில்லை. வேலியோரம் எறிந்துவிட்டு ஓடினான். கலியாணப் பந்தலில் உட்காரக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிதறி வழிவிட்டார்கள்.

"மாப்பிள்ள ஓடுறதக் கண்டிரிக்கன். வலீ ஓடுறத இண்டைக்குத்தான் காணுறன்!" என்று சீனிமுகம்மது மாமா கத்த, பந்தலே சிரித்தது.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் தங்கை பஸ்மியாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, 'மணமுடித்துத் தந்தேன்' என்று சொல்ல வேண்டியவர் பெண்ணின் வலீ. அது வாப்பாவுக்கு உரிய இடம். வாப்பா மௌத்தாகி எட்டு வருஷம். ஆகவே அண்ணன் றக்கீப் வலீ.

ஆனால் அவன் ஓடியது அதற்காக அல்ல. ஐஸ்கட்டி வாங்கப் போன கடையில் மச்சான் ஒருத்தன் வாய்தவறிச் சொல்லிவிட்டான்: "ஒண்ட பழைய கொம்பியூட்டர பஸ்மியா டீவில மாட்டி, கூட்டாளிமாருக்குப் படம் காட்டுறாள்."

கொம்பியூட்டர் கிடக்கட்டும். அதன் பெட்டிக்குள் ஒரு கசட் இருக்கிறதே!

அறை வாசலில் நின்றான். மூச்சு வாங்கியது. மருதாணிக் கைகளோடு பெண்கள் டீவியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். திரை முழுக்க அந்த நீலம். அதன்மேல் செங்கல் அடுக்கினாற்போல் கட்டை கட்டையாக வெள்ளை எழுத்துகள். கீழே, பழுப்பேறிய உடம்போடு, ஒவ்வொரு பொத்தானிலும் இங்கிலீஷும் அரபியும் பொறித்த அவனுடைய பழைய தோழன். 

கல்முனையில் அவன் படிப்பிக்கிற வகுப்பில் புதுக் கொம்பியூட்டர்கள் ஆறு நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் மூஞ்சி. இதற்கு ஒரு முகவெட்டு இருந்தது. குவைத்திலிருந்து வாப்பா ஆள்வசம் அனுப்பி, சாக்கைப் பிரித்த அன்று, ஊரே பார்க்க வந்தது. அந்த நீலத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு இனிக்கும். அடுத்த நிமிஷமே முகம் சுடும்.

"காக்கா, கள்ளன்!" பஸ்மியா அண்ணனிடம் கசட்டைத் தூக்கிக் காட்டினாள். மேலே 'வாப்பா' என்று அவனுடைய சொந்தக் கையெழுத்து. "நாடா அறுந்த எண்டு சென்னாய். முழுசா இரிக்கே! வாப்பாட குரலக் கேட்டுட்டுத்தான் நான் கலியாணச் சீல உடுப்பன்."

"பஸ்மியா, வேணாம். தா இங்க."

"தரமாட்டன் போ."

பாய்ந்தான். அதற்குள் அவள் கசட்டை ரெக்கோடருக்குள் தள்ளிப் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

*கீஈஈஈ... கர்ர்ர்ர்ர்...*

தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். பெண்கள் காதைப் பொத்தினார்கள். அந்தச் சத்தம் என்னவென்று அந்த அறையில் றக்கீபுக்கு மட்டும்தான் தெரியும். மேலே தோணி, கீழே மீன். பதினாலு வயசில் அவனே எழுதிய விளையாட்டு. அந்தக் கொம்பியூட்டர் தன் வேலையைக் கசட்டில்தான் எழுதி வைக்கும். வெறுங்கசட் என்று நினைத்து அவன் போட்டது, வாப்பா பேசி அனுப்பிய கடைசிக் கசட் என்பது, மிச்ச நாடா ஓடியபோதுதான் தெரிந்தது.

அதைக் கேட்டிருந்தவள் உம்மா மட்டும்தான். பிள்ளைகளுக்கு நாளைக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்றிருந்தாள். பிறகு குவைத்தில் சண்டை மூண்டது. வாப்பா தங்கியிருந்த கட்டிடம் விழுந்தது என்று செய்தி வந்தது. ஊர்ப் பள்ளியில் உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடந்தது. உம்மா வெள்ளைச் சீலை உடுத்து, புருஷனை இழந்தவளுக்குரிய இத்தா இருந்தாள். 'நாடா அறுந்துபோச்சு' என்று அவன் பொய் சொன்னபோது உம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் அவனை இத்தனை காலமும் அறுத்தது.

சத்தம் சட்டென்று நின்றது. அழியாமல் தப்பிய கடைசித் துண்டு ஓடியது.

"...இனி நீதான் அதுகளுக்கு எல்லாம். புள்ளையளப் பாத்துக்க. என்ன மன்னிச்சிக்க. அஸ்ஸலாமு அலைக்கும்."

பஸ்மியா விம்மி அழுதாள். கூட இருந்தவர்களும் அழுதார்கள். "மௌத்தாகப் போறது அவருக்கே தெரிஞ்சிரிக்கி" என்று யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். "மத்ததெல்லாம் எங்க, காக்கா?" என்று பஸ்மியா திரும்பினாள். இருபத்திரண்டு வயசு ஆம்பிளை, இத்தனை பெண்கள் நடுவே, களவெடுத்துப் பிடிபட்டவன் போல நின்றான்.

பின்னால் ஒரு கை அவன் தோளைப் பிடித்தது. உம்மா. அவனைக் குசினிக்குள், அடுப்போரம் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"உம்மா, நான்தான் அத அழிச்ச. தெரியாமச் செஞ்சிட்டன். செல்ல வெக்கமா இருந்திச்சி..."

"நீ அழிக்கல்ல, மனே." உம்மாவின் குரல் தரையைப் பார்த்து வந்தது. "அதில ஒட்டியிருந்த பேரக் கிழிச்சி, ஒண்ட வெறுங்கசட்டுகளோட போட்டவள் நான். என்ட கையால அழிக்க மனசு வரல்ல. ஒண்ட கையால அழிச்சன்."

"என்னத்துக்கும்மா?"

வெளியே பந்தலில் சலசலப்பு. மாப்பிள்ளை வீட்டு வான் ஹோன் அடித்தது. "றக்கீபு! நிக்காஹ் ஓதுற லெவ்வை வந்துட்டாரு. வலீயக் கூப்பிடுங்க!" என்று மாமா அலறினார்.

கதவுப் பக்கம் திரும்பியவனின் கையை உம்மா இறுக்கிப் பிடித்தாள்.

"போகாத. நீ தந்தா அந்த நிக்காஹ் செல்லாது."

"ஏன் செல்லாது? நான்தானே வலீ?"

"ஊர் முன்னால வெள்ள உடுத்துக் குந்தினவள் நான். இத எந்த மூஞ்சோட செல்லுறதெண்டு நாள் நாளாத் தள்ளிட்டன். இண்டைக்கு அந்தக் குரலக் கேட்ட பொறகு மறைக்க ஏலாமப் பெய்த்து." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு இடையால்தான் சொற்கள் வந்தன.

"அங்க வேற ஒருத்திய முடிச்சிட்டன், இனி வரமாட்டன் எண்டுதான் அந்தக் கசட்டில சென்னாரு. கட்டிடம் விழுந்த நேரம் அவரு அவள்ற ஊட்டில இருந்தாராம், பொறகு கடிதம் வந்திச்சி. ஒங்கட வாப்பா மௌத்தாகல்ல, மனே. உசிரோட இரிக்காரு."