பக்கத்துக் கட்டில் மாத்திரை

என் மனைவிக்கு எட்டாம் மாதம். பிரஷர் ஏறியதால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். அங்கே இரண்டு மாத்திரைகளில் எது நன்றாகக் கேட்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி நடக்கிறது. நாங்களும் சம்மதித்தோம். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதில் இவளுக்கு வெள்ளை; பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு மஞ்சள். மஞ்சளுக்குப் பிரஷர் மளமளவென்று இறங்கியது. வெள்ளைக்கு அசையவே இல்லை. இன்று சாயங்காலமும் இப்படியே இருந்தால் குழந்தையை முன்கூட்டியே எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

நான் துணிக்கடையில் விற்பனையாளன். "அந்தம்மா எடுத்ததே எனக்கும் வேணும்" என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களைப் பார்த்து மனசுக்குள் தலையிலடித்துக்கொள்கிறவன். அப்பேர்ப்பட்டவன் டாக்டரம்மாவிடம் போய், "எங்களுக்கும் அந்த மஞ்சளையே குடுங்களேன்" என்று நின்றேன்.

"எது நல்லதுன்னு தெரிஞ்சா நான் ஏங்க ஒப்பிட்டுப் பார்க்கறேன்? அவங்களுக்குக் கேட்டா இவங்களுக்கும் கேட்கும்னு இல்லை. தேவைப்பட்டா நானே மாத்துவேன். வாங்க, முதல்ல அளந்து பார்ப்போம்."

நர்ஸ் என் மனைவியின் கையில் பட்டையைக் கட்டினார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"இது உன் கையைப் பிடிக்கிற பிடியைப் பார்த்தா, கல்யாணமான புதுசுல நான் பிடிச்சது ஞாபகம் வருது."

"ஆமா, அப்பவும் இப்படித்தான் மரத்துப்போச்சு."

அவள் குலுங்கிச் சிரித்தாள். நர்ஸும் சிரித்தார். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"தினமும் இப்படித்தானா?"

"அண்ணன் வந்தா வார்டே சிரிக்கும் மேடம்..." நர்ஸின் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

"அளக்கும்போது பேசினாலே அளவு கூடும்னு உங்களுக்குத் தெரியாதா? இவர் கச்சேரியே வைக்கிறார்! கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. அப்புறம் அளங்க."

வாயை மூடிக்கொண்டேன். என் முகத்தில் பேச்சை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று நான் யோசித்ததில்லை. இவள் பார்த்துவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு தடவை அளந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் அதிகம்தான். ஆனா குழந்தையை எடுக்கிற அளவுக்கு இல்லை. வெள்ளையே தொடரட்டும், கவனமா பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார்.

நர்ஸ் பட்டையை அவிழ்த்தார்.

"இவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டா என்னைச் சிரிக்க வச்சீங்க?" என்றாள் என் மனைவி.

இதற்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டுத் தலையாட்டினேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.


"வந்து உட்காருங்க. இனிமே பயந்தா, என்கிட்ட சொல்லிட்டுப் பயப்படுங்க."