நீளமாக விட்ட ஹோஸ்

தெருவில் எனக்கு டர்போ அக்கா என்று பெயர். பேரன் எடுக்கிற வயதாகியும் அக்காதான். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊதுகிற டர்போ வைத்த வண்டி எது புகைந்தாலும் என் ஷெட்டுக்குத்தான் கொண்டு வருவார்கள். வேலை முடிந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு நானும் கம்ப்ரஸரும்தான். அதுவாவது அவ்வப்போது தானாக உறுமும்.

எனக்கு ஒரே மகன். அரை நாள் ஓட்டிப் போகிற தூரத்தில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. அவன் அப்பா போன புதிதில் வாரம் தவறாமல் வந்தான். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு எப்போதாவது. குறை சொல்லவில்லை என்று சொன்னால் பொய், குறைதான் சொல்கிறேன். போனில் "சாப்டியாம்மா" என்பான். "சாப்டேன்" என்பேன். அதோடு இரண்டு பேருக்கும் சரக்கு தீர்ந்துவிடும்.

எங்களுக்குள் பேச்சு கொஞ்சம் நீள்வது வண்டி விஷயத்தில் மட்டும்தான். போன வாரம் தன் பழைய காருக்குத் தானே ஒரு டர்போவைப் பூட்டினான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததில் கோபம், தானே பூட்டியதில் பெருமை. எதையும் அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டான்.

"அம்மா, புகை நீலமா வருது. வண்டி சும்மா நிக்கும்போதுதான் அதிகம். டர்போல ஆயில் சீல் போயிடுச்சுன்னு இங்க ஒருத்தர் சொல்றாரு."

"அவருக்கு வேற என்ன தெரியும். டர்போவுக்கு அடில ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

போட்டோ வந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. டர்போவுக்குள் ஆயிலை அனுப்ப பம்ப் இருக்கிறது. அங்கே வேலை முடிந்த ஆயில் கீழே இருக்கிற தொட்டிக்குத் திரும்ப, தள்ளிவிட ஆளே கிடையாது. அது தன் கனத்தில் தானாக இறங்க வேண்டும். அதனால் திரும்புகிற ஹோஸ் எங்கேயும் தொய்யாமல், கூரைத் தண்ணீர்க் குழாய் மாதிரி நேராகச் சரிந்து வர வேண்டும். இவன் போட்டிருந்தது தொட்டில் கட்டின மாதிரி நடுவில் தொங்கியது. தொங்கின இடத்தில் ஆயில் தேங்கி, டர்போவுக்குள் ஏறி நின்று, சைலன்சர் பக்கம் கசிந்து எரிகிறது. சீல் மேல் ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் என் வளர்ப்பில். சின்ன வயதிலிருந்து அவனுக்கு நான் ஓதியது ஒன்றுதான்: எதையும் கொஞ்சம் நீளமா விட்டு வெட்டு, குறைஞ்சுபோனா ஒட்ட முடியாது. ஒயருக்கு அது சரி, பெட்ரோல் ஹோஸுக்கும் சரி. பிள்ளை இதற்கும் அப்படியே செய்திருக்கிறான். நான் சொன்ன எத்தனையோ பேச்சில் கேட்பதற்கு இதுதானா கிடைத்தது?

ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டுத் திரும்ப மாட்டு என்று சொன்னால் போதும். வாய் வரை வந்தும்விட்டது. ஆனால் சொன்னால் "சரிம்மா, வைக்கிறேன்" என்பான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

"போட்டோல ஒண்ணும் புடிபடல. எடுத்துட்டு வா, நேர்ல பாக்கணும்" என்றேன்.

"இவ்ளோ தூரமா?"

"பின்ன, ஷெட்டத் தூக்கிட்டு நான் வரவா?"

சிரித்துவிட்டான். "சரிம்மா, கிளம்பறேன்."

வீட்டைப் பெருக்கினேன். அவன் கட்டிலில் குவிந்து கிடந்த ஏர் பில்டர் அட்டைப்பெட்டிகளை எடுத்து ஷெட்டில் போட்டேன். சோற்றுக்கு உலை வைத்தபோதுதான் புத்தியில் உறைத்தது. அந்த நீலப் புகை அத்தனையும் இன்ஜின் ஆயில். வழியெல்லாம் எரித்துக்கொண்டே வருகிறான். ஆயில் தீர்ந்தால் பெரிய சாலையில், பின்னால் லாரி வரும்போது, இன்ஜின் இறுகி வண்டி அப்படியே நின்றுவிடும். போன் போட்டேன்.

"எங்கடா இருக்க?"

"பெட்ரோல் பங்க்ல நிறுத்தியிருக்கேன். ஆயில் அளவு பாக்கற குச்சிய எடுத்துப் பாத்தேன், நுனிலதான் தொட்டுக்கிட்டு இருக்கு."

"அங்கேயே நில்லு. அசையாத. ஆயில் வாங்கு. வண்டி நல்லா ஆறட்டும், அப்புறம் நான் சொல்றதச் செய்."

சொன்னேன். ஹோஸை இறுக்கிப் பிடித்திருக்கிற கீழ்க் கிளாம்பைத் தளர்த்து, அடியில் துணி வை, ஹோஸில் ஒரு சாண் வெட்டு, எங்கேயும் தொங்காமல் மாட்டு. இவ்வளவுதான் விஷயம். காலையிலேயே சொல்லியிருக்க வேண்டியது.

திரும்ப அவன் கூப்பிடும்வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, சுத்தமா நின்னுடுச்சு. ஒரு பொட்டுப் புகை இல்ல." சின்னப் பையனாக இருந்தபோது பேசின அதே குரல்.

"ஆயில் ஊத்தினியா?"

"ஊத்திட்டேன். அதான் சரியாயிடுச்சே, நான் இப்படியே திரும்பிடறேன்மா. பாதி தூரந்தான் வந்திருக்கேன். காலைல ஆபீஸ் இருக்கு."

வந்துட்டுப் போயேன்டா என்று தொண்டை வரை வந்தது. அடுப்பை அணைத்தேன்.

"சரி, பாத்துப் போ."

அவன் உடனே வைக்கவில்லை. "ஏம்மா, காலைல அனுப்பின போட்டோவ இப்ப எடுத்துப் பாத்தேன். தொங்கறது அதுலயே பளிச்சுனு தெரியுதே."

கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தேன். கண்டுபிடிக்கட்டும் என்றும் இருந்தது.

"கண்ண ஒருதடவ காட்டிடும்மா" என்றான், உண்மையான அக்கறையோடு. "கண்ணாடி மாத்தணும் போல. வயசாகுதுல்ல."

"மாத்திக்கறேன்" என்றேன்.