கமிஷனரம்மாவுக்குக் கட்டிய பாத்ரூம்

பெண்களை மதிக்கிறவர் என்று சேலம் வக்கீல்களுக்குள் அர்த்தநாரிக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் பரப்பியவரும் அவரேதான். மாதர் சங்க விழாக்களில், "என் பேருலயே பாதி பொம்பளை இருக்குதுங்க" என்று ஆரம்பித்துக் கைதட்டல் வாங்குவார். பெண் வக்கீல்களுக்குக் கோர்ட்டில் ஒரு பாத்ரூம் வேண்டும் என்று மனு வரும்போதெல்லாம் அதை இரண்டு கையாலும் வாங்கி, பத்திரமாக மேசைக்குள் வைத்துப் பூட்டுவதும் அவர்தான்.

அப்படிப்பட்டவர் 1983 கோடையில் ஏற்காட்டு மலைமேல், ஒரே ஒரு பெண் வக்கீலுக்காக, கைக்காசு செலவில்லாமல் ஒரு பாத்ரூம் கட்ட வைத்தார்.

கரடியூருக்குக் கீழே ஒரு காப்பி எஸ்டேட். அதற்கும் கீழே சரிவில் ஒரு சிற்றூர். ஊர்க்காரர்கள் எஸ்டேட்டுக்குள் ஒரு நடைத்தடத்தில் ஏறித்தான் பஸ் ரோட்டைப் பிடிக்க வேண்டும். முதலாளி திடீரென்று வேலி போட்டு, இங்கே தடம் என்று ஒன்று என்றைக்குமே இருந்ததில்லை என்றுவிட்டார். ராகி விதைத்துப் பிழைக்கும் அத்தாயியை முன்னால் நிறுத்தி ஊரே கேஸ் போட்டது. தடம் உண்டா இல்லையா என்று நேரில் பார்த்து, அளந்து எழுதி வர முன்சீப் ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டார். தேவகுமாரி. தொழிலுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் அதுவரை ஒரு கமிஷனும் கிடைக்காதவள். அவள் 'உண்டு' என்று எழுதினால் எஸ்டேட் எழுந்திருக்க முடியாது. எஸ்டேட்டுக்கு வக்கீல் அர்த்தநாரி.

பொம்பளைப் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவதா என்று மற்ற சீனியர்கள் முகம் சுளித்தபோது, தனக்கு ஆட்சேபணையே இல்லை என்றார் அர்த்தநாரி. கையோடு எஸ்டேட் ரைட்டர் பெருமாளைக் கூப்பிட்டு, தடம் இறங்குகிற வாயிலேயே மூங்கில் தட்டியால் நாலுபக்கமும் அடைத்து, கமிஷனரம்மாவுக்கு ஒரு பாத்ரூம் கட்டச் சொன்னார். பங்களாவிலேயே மூன்று இருக்கிறதே என்று பெருமாள் தலையைச் சொறிந்தார்.

"பெருமாளு, பொம்பளைக்குக் கட்டுன மறைப்பை எவனாச்சும் தள்ளிப் பாப்பானா? அதுக்குப் பின்னால என்ன இருக்குதுன்னு கேக்க அந்த அம்மணிக்கே கூச்சமா இருக்கும்."

கமிஷனர் பார்க்க வந்த அன்றைக்கு, முதலில் எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்தது. ஊர்ப் பெண்களைக் கீழ்ப்பக்கமே வாட்ச்மேன் நிறுத்திவிட்டான். அத்தாயியின் வக்கீல் தங்கராஜ், தட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் தொண்டையைக் கனைத்து, "தடம் இங்கதானுங்க... இதுக்குப் பின்னால..." என்று இழுத்தார். எதற்குப் பின்னால் என்று தேவகுமாரி கேட்டாள். தங்கராஜ் சில்வர் ஓக் மரங்களின் உச்சியைப் பார்த்தார். அர்த்தநாரிக்கு மனசு குளிர்ந்தது. உலகத்தில் வெட்கம் இருக்கிறவரை சட்டத்துக்கு வேலை குறைவு.

தேவகுமாரி தட்டியைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் உண்ணிப்புதர், முள்கம்பி. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் இருங்க சார்" என்று உள்ளே போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள்.

ஆண்கள் எல்லோரும் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

நின்றார்கள், நின்றார்கள், வெகுநேரம் நின்றார்கள். அவளுக்காக வந்த காப்பியில் ஆடை படிந்தது. குரல் கொடுத்துப் பார்க்கலாமா என்றார் பெருமாள். "பொம்பளை போன எடத்துல நின்னு கூப்படறதா? நம்ம மருவாதி என்ன ஆகறது?" என்று அர்த்தநாரி அடக்கினார். அந்தக் கேஸில் முதல்முறையாகத் தங்கராஜ் எதிர்க்கட்சி வக்கீலை ஆமோதித்தார். பேச ஒன்றும் இல்லாமல், இந்த வருஷம் மிளகு எப்படி என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

அப்போது பாத்ரூமுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு குரல் இல்லை, பல குரல்.

படல் திறந்தது. முதலில் தேவகுமாரி வந்தாள். புடவைக் கரையெல்லாம் ஒட்டுப்புல், செருப்பெல்லாம் செம்மண். அவளுக்குப் பின்னால் அத்தாயி. பிறகு இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. பிறகு விறகுக்கட்டைக் குறுக்கே திருப்பித் திருப்பி வெளியே கொண்டுவந்த இன்னொருத்தி. கடைசியாக ஓர் ஆடு.

"ஏனுங்க, நொம்ப நல்லாக் கட்டியிருக்கறீங்க" என்றாள் அத்தாயி. "பின்னாடித் தட்டிதான் கொஞ்சம் லூசுங்க."

ஆண்கள் யாரும் தொடமாட்டார்கள் என்பதுவரை யோசித்த அர்த்தநாரி, அது யாருக்காகக் கட்டியதோ அவள் உள்ளே போகலாம் என்பதை யோசிக்காமல் விட்டிருந்தார்.

"தடம் அத்தாயி ஊட்டு வாசல் வரைக்கும் போகுது சார். போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்" என்றாள் தேவகுமாரி. "அளக்கறப்ப ரெண்டு கட்சி வக்கீலும் கூட இருக்கணும். வாங்க."

"பொம்பளைங்க பாத்ரூமுக்குள்ள நான் எப்படி அம்மணி வர்றது?"

"வரமாட்டீங்கன்னா அப்படியே எழுதிக்கறேன் சார். காரணமும் எழுதணும்."

அந்தக் காரணத்தை, ஆள் நிறைந்த கோர்ட்டில் முன்சீப் வாய்விட்டுப் படிப்பது அர்த்தநாரியின் காதில் அப்போதே விழுந்தது. கறுப்புக் கோட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குனிந்து உள்ளே போனார். புது பிளாஸ்டிக் வாளி, உறை பிரிக்காத சோப்பு. பின்பக்கம் தட்டி ஒருக்களித்துத் திறந்திருந்தது. அதற்கு அப்பால், எத்தனையோ தலைமுறைக் கால் பட்டுத் தேய்ந்த பாறைப்படிகள் சரிவில் இறங்கின.

பெருமாள் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, தேவகுமாரி அளந்து எழுதிக்கொண்டே முன்னால் போனாள். தங்கராஜ் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். அர்த்தநாரியின் தோல் ஷூ மட்டும் ஈரப் பாசியோடு ஒத்துப்போகவில்லை. இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தார். மூன்றாவது தடவைக்கு முன் அத்தாயி கையை நீட்டினாள். அவர் யோசித்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து வாங்க சாமி. காலைப் பக்கவாட்டுல வைங்க."

கீழே ஓட்டுக் கூரை ஒன்று தெரிந்தது. நடக்க நடக்க அது கிட்டே வருவதாகக் காணோம். மூச்சு வாங்கியது.

"இந்தத் தடம் இன்னும் எவ்வளவு தூரந்தான் போகுது?" என்றார் அர்த்தநாரி.

டேப் நின்றது. தங்கராஜ் வாயைப் பொத்திக்கொண்டு புதர்ப் பக்கம் திரும்பினார். தேவகுமாரி தாளிலிருந்து தலையைத் தூக்கி, பணிவாகவே கேட்டாள்.

"'இந்தத் தடம்'னீங்களே, இதை எழுதிக்கட்டுங்களா சார்?"

ஆட்சேபிக்க அவர் கையை உயர்த்த வேண்டும். உயர்த்த வேண்டிய கை அத்தாயியிடம் இருந்தது, விட்டால் வழுக்கும். அவர் விடவில்லை. தேவகுமாரி எழுதிக்கொண்டாள்.